பந்தய ஓட்டுநராக நினைக்கும் மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் இளவயதில் ராலி (சாலைகளிலும் மண்பாதைகளிலும் நடக்கும் கார் பந்தயம்) ஓட்டியவர், அவருடைய ஒர்க் ஷாப்பிலேயே வளர்ந்த மகன் பிளஸ் டூ முடித்ததும் பந்தய ஓட்டுநராகத்தான் போவேன் என்கிறான், அப்பாவும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தம்பியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன் இந்தத் தொழிலில் ஒருவர் எப்படிக் காலூன்றுகிறார் என்று பாருங்கள். உங்கள் கோவையிலேயே அதற்கு ஆள் இருக்கிறார்: பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன்.

நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நரேன் 1992இல் பிரான்ஸில் பந்தயப் பள்ளிக்குப் போனார், 1993இல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை ஓட்டினார், 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்னில் இந்தியாவின் முதல் ஓட்டுநராக அவர் பந்தயத்தில் இறங்கியது 2005இல்தான். குடும்பப் பின்புலமும் திறமையும் வெற்றிகளும் இருந்தவருக்கே பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டு அமெரிக்கப் போட்டியில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். டயர் பிரச்சினையால் பல அணிகள் விலகி, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் அவ்வளவுதான்.

என்னிடம் வரும் பிள்ளைகள் அவர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பிந்தைய வாழ்க்கைதான் முக்கியமாகப் படுகிறது. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2010இல் அமெரிக்காவில் நாஸ்கார் அமைப்பு நடத்தும் டிரக் (பிக்கப் வண்டி) பந்தயங்களுக்குப் போனார். அவர் ஓட்டிய ஃபார்முலா ஒன் கார் ஏறத்தாழ 600 கிலோ, அந்த டிரக் ஏறத்தாழ 1500 கிலோ. ஒன்றில் காற்றின் அழுத்தமே காரைத் தரையோடு பிடித்துக்கொள்ளும். மற்றதில் பக்கத்து வண்டி உரசிக்கொண்டே வர, நீள்வட்டப் பாதையில் இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் மிதிக்கும் பழக்கத்தைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். பிறகு ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைக் கார், அதன்பின் கூரையுள்ள சூப்பர் ஜிடி கார். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபியூஜியில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடர் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தை வென்றபோது அவருக்கு வயது 42. எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டத் தெரிந்ததால்தான் அத்தனை ஆண்டுகள் தொழிலில் நிற்க முடிந்தது.

ஆகவே தம்பியிடம் நீங்கள் பார்க்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. காரை விட்டு இறங்கியதும், வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரம் பிடித்ததா, வெளியே வரும்போது பின்பக்கம் வழுக்கியதா, டயர் எத்தனையாவது சுற்றில் தளர்ந்தது என்று இன்ஜினியருக்குத் தெளிவாகச் சொல்ல வருகிறதா? அணிகள் ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பது அதை. ஒர்க் ஷாப்பில் வளர்ந்த பிள்ளைக்கு இது கைவரும். தந்தை கொடுக்கக்கூடிய உண்மையான சொத்தும் இதுவே.

படிப்பை நிறுத்துவதற்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன். ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேரட்டும், கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலேயே ஆட்டோமொபைல் பிரிவு இருக்கிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், மாணவர்கள் தாங்களே கட்டிய காரை ஓட்டுகிறார்கள். பந்தய இருக்கை கிடைக்காவிட்டாலும் பந்தய இன்ஜினியர், தரவு ஆய்வாளர், வாகன நிறுவனங்களில் சோதனைப் பிரிவு என்று போக வழிகள் உண்டு.

விபத்து பற்றிய அச்சத்துக்கு ஒரே பதில்தான். முறையான லைசென்ஸ், தரச்சான்று பெற்ற ஹெல்மெட், காப்பீடு, இவற்றோடு டிராக்கில் மட்டும் ஓட்டட்டும். ஊர்ச் சாலையில் வேகம் காட்டினான் என்று தெரிந்தால் அன்றே சாவியை வாங்கிவிடுங்கள்.

பணம்தான் கடினமான பேச்சு. டயர், எரிபொருள், பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் ஒவ்வொரு சீசனும் திரும்பத் திரும்ப வரும். நரேனுக்கே டாடா போன்ற நிறுவனங்களின் ஆதரவு தேவைப்பட்டது. வீட்டுக் கடனையோ மகளின் படிப்புக்கு வைத்த பணத்தையோ தொடாமல் எத்தனை சீசன் தாங்கும் என்று கணவர் எழுதிக் காட்டட்டும். கோடை விடுமுறையில் தம்பி கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுற்று நேரமும் குறிப்பும் எழுதி வைக்கட்டும். அந்த இரண்டு தாள்களோடும் ஜூன் மாதம் மூவரும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்