மிஸியிடம் கேளுங்கள்: பாண் ஓட்டோ வரும் ஒழுங்கை

கேள்வி: மிஸி அம்மா, என் கணவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. அரச உத்தியோகம். தை மாதம் குடிவர வேண்டும். மகளுக்கு 4 வயது, மகனுக்கு 17 மாதம். மூன்று வீடு பார்த்திருக்கிறோம். உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட ஒன்று, மாடியில் நின்றால் கடல் தெரியும். உவர்மலையில் இரண்டு அறையோடு சின்ன வீடு, வாடகை மற்றவற்றை விடக் கூட. பாலையூற்றில் பெரிய வளவு, மாமரம், கிணறு எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு இருப்பதற்கு எந்தப் பக்கம் நல்லது?
– வாசகி, வவுனியா

பதில்: மகள், இந்த ஊரில் எந்தப் பக்கம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் தான் இருக்கும் பக்கத்தைத்தான் சொல்வார். நானும் அப்படித்தான், அதனால் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் 28 வருடம் மருத்துவமாதாக, அதாவது மிஸியாக, தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளை நிறுக்கப் போனவள் நான். உப்புவெளியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஒழுங்கையும் தெரியும், அதற்கு அடுத்ததாய் ஒரு சொட்டும் நிற்காத ஒழுங்கையும் தெரியும். ஆகவே ஊர்ப் பெயரை விடுங்கள், ஒழுங்கையைப் பாருங்கள்.

வீடுகளை எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே. 1996 ஆவணியில் நான் ஒரு வீட்டுக்குக் குடிபோனேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், முற்றம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வீட்டுக்காரர், “இங்கே தண்ணி நிற்காது மிஸி” என்றார். சந்தோஷமாக முற்பணம் கொடுத்தேன். கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், என் மகனின் ஒரு செருப்பு வாசல்படியிலிருந்து மிதந்து ஒழுங்கை முனைக்குப் போய்விட்டது. மாரி முடிந்து அடுத்த ஆவணியில் கிணறு அடி தெரிய வற்றியபோதுதான், அந்த மனுசன் சொன்னது கிணற்றைப் பற்றி என்று விளங்கியது.

நம் ஊரில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையில்தான் கொட்டும். நீங்கள் தையில் வருவதால் ஒரு வசதி. கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் கணவரை ஒரு தடவை அனுப்புங்கள். முடியாவிட்டால் மதிலின் அடியில் பாசிக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கட்டும். புதிதாக வெள்ளை அடித்து வைத்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் உங்களுக்காக வெள்ளை அடிக்கமாட்டார்கள்.

சரி, உப்புவெளி. பேரிலேயே உப்பு இருக்கிறது. கடலுக்குக் கிட்டப் போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். பக்கத்து வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துப் பார்த்தால் போதும். குழாய்த் தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்றும் கேளுங்கள். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வெளிநாட்டுக்காரர் வரும் காலம், ராத்திரிப் பாட்டுச் சத்தம் இருக்கும், நிலாவெளி வீதியில் வாகனங்களும் பறக்கும். நீங்கள் மாடியில் நின்று பார்த்த கடல் அமைதியாக இருந்திருந்தால், அது அந்த மாதங்களின் கடல்தான். மார்கழியில் அது வேறு கடல். 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அங்கே நிம்மதியாகக் குடியிருக்கிறவர்கள் நிறையப் பேர், பயமுறுத்தவில்லை. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை இடுப்பில், நாலு வயதுப் பிள்ளை கையில் என்றால், எனக்குக் கடல் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமாக இருந்தால் போதும்.

பாலையூற்று வளவைப் பற்றி எழுதியதில் எனக்குக் கிணறு என்ற சொல்தான் கண்ணில் பட்டது. கட்டு எவ்வளவு உயரம்? உங்கள் இடுப்புக்கு மேலே வரவேண்டும். உயரமாக இருந்தாலும், பக்கத்தில் துவைக்கிற கல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வீட்டில் பிள்ளை நிறுக்கப் போனபோது, இரண்டு வயதுக்காரன் வாளியைக் கவிழ்த்து, அதில் ஏறி, கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்துக் குனிந்துகொண்டிருந்தான். நான் கத்தவில்லை, கத்தினால் திடுக்கிட்டு விழுவான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரிப் போய்க் காற்சட்டையைப் பிடித்தேன். தாய் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வீட்டை எடுப்பதாக இருந்தால், கிணற்றுக்குக் கம்பிவலை மூடி போட்ட பிறகுதான் சாமான் இறக்குவோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்துத்தான்.

மாமரம் நல்லது. ஆனால் இலை விழுந்து கூரைப் பீலி அடைத்தால் தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் இலங்கை முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. கிண்ணியா அந்த வருடம் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்காது.

உவர்மலையில் ஏற்றம்தான் கரைச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்கும். மற்றபடி மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், காற்று வரும். மாகாண அலுவலகங்கள் அந்தப் பக்கம் இருப்பதால் வாடகை கூட. அதைக் குறைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

மூன்று இடத்துக்கும் ஒரே பரீட்சை சொல்கிறேன். பின்னேரம் நாலு மணிபோல் அந்த ஒழுங்கையில் போய் நில்லுங்கள். பாணும் பணிஸும் விற்கிற பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். எத்தனை கேற் திறக்கிறது, எத்தனை பிள்ளைகள் காசைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். தாய்மார் மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு மதிலோரம் நின்று கதைக்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் மகனுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. பாண் ஓட்டோ நிற்காமலே போகிற ஒழுங்கை என்றால் வீடு மாளிகையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பாடசாலையையும் இப்போதே யோசியுங்கள். தை 31க்குள் 5 வயது நிறைந்தால் அந்த வருடம் தரம் 1. விண்ணப்பம் முந்திய வருடமே கொடுக்க வேண்டும். பெரிய பாடசாலைகளில் பாதி இடம் கிட்ட வசிப்பவர்களுக்குத்தான், ஆனால் அதற்கு 5 வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள், புதிதாக வரும் உங்களுக்கு அதில் புள்ளி கிடைக்காது. இடமாற்றத்தில் வரும் அரச உத்தியோகத்தர் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சிறிய பங்கு உண்டு. கணவரின் இடமாற்றக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அந்த வருடச் சுற்றறிக்கையை எடுத்து வரிவரியாக வாசியுங்கள். சண்முகா பாடசாலையோ மரியாள் பாடசாலையோ என்று இப்போதே மனக்கோட்டை கட்ட வேண்டாம். வந்ததும் கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) பதிந்துவிடுங்கள், தம்பிக்காரனுக்காவது உதவும்.

நானாக இருந்தால் உவர்மலைச் சின்ன வீட்டை ஒரு வருடத்துக்கு எடுப்பேன், பாண் ஓட்டோ நிற்கும் என்றால். ஒரு மாரியும் ஒரு கச்சானும் பார்த்த பிறகு பாலையூற்று வளவைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம், மகனுக்கு 18 மாதத் தடுப்பூசி வருகிறது. வவுனியாவிலேயே போட்டுவிட்டு வாருங்கள். கிளினிக் புத்தகத்தைச் சாமான் பெட்டிக்குள் கட்டிவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். இங்கே வந்த கிழமையே அந்தப் பகுதி மிஸியைத் தேடிப் பதியுங்கள்.

கேள்வி: நகருக்குள் திரியும் மான்களுக்கு என் பேரன் பிஸ்கட் கொடுக்கிறான். பரவாயில்லையா?
– வாசகர், மட்டிக்களி

பதில்: வேண்டாம் ஐயா. பிஸ்கட்டின் பின்னால் பையும் மானின் வயிற்றுக்குள் போகிறது. கொம்பு மானின் தலை பேரனின் முகத்து உயரத்தில் இருக்கிறது, உண்ணியும் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். என் பேத்தியை அப்படித்தான் பழக்கினேன். இப்போது அவள் வீட்டுக் கோழியையும் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறாள்.