உப்பேறிய வயலை விற்றுவிட்டுப் போகலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கடலோரக் கிராமம். தாத்தா காலத்து நஞ்சை 9 மா (சுமார் 3 ஏக்கர்). கஜா புயலில் கடல் தண்ணீர் ஏறியதிலிருந்து கீழ்ப்புறம் பள்ளமான 3 மாவில் நெல் பிடிப்பதில்லை. ஜிப்சம் போட்டும் பலனில்லை, போர் தண்ணீரும் கரிக்கிறது. இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்கள். மகனோ, எல்லாவற்றையும் விற்றுவிட்டு மன்னார்குடிப் பக்கம் போய்விடலாம் என்கிறான். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: மகன் பேச்சைத் தட்டிவிடாதீர்கள். உலக அளவில் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மி.மீ. உயர்ந்திருக்கிறது. மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கடைமடையில் வாய்க்கால் வடிவதற்கு இருக்கிற வாட்டமே கொஞ்சம்தான். போதாததற்கு, காவிரி வண்டலில் பெரும்பகுதி மேலே அணைகளிலேயே தங்கிவிடுகிறது. பேரன் காலத்திலும் அந்த 3 மாவில் நெல் விளையும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக இந்த வருஷமே ஒன்பது மாவையும் விற்பது அவசரம். பள்ளத்தை முதலில் விடுங்கள், மேட்டைக் கடைசியில் விடலாம்.

இறாலுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். குட்டையின் உப்பு கசிந்து உங்கள் மேட்டையும் பக்கத்து வயலையும் கெடுக்கும். பிறகு நல்ல விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

போரை ஆழப்படுத்துவதும் வேண்டாம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியில் உப்புத் தண்ணீர் சுமார் 40 அடி ஏறும் என்பது கணக்கு. மேட்டில் ஆழமில்லாத குட்டை வெட்டி மழைநீரைப் பிடியுங்கள். நாற்றங்காலுக்கு அந்தத் தண்ணீரே பாயட்டும், ஏனென்றால் நெல் உப்புக்கு அதிகம் நோவது நாற்றிலும் பூக்கும்போதும்தான்.

ஜிப்சம் ஏன் கேட்கவில்லை? அது களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் மிகுந்த கார மண்ணுக்கு உரியது. உங்களுடையது உவராக, அதாவது கரையும் உப்பு மிகுந்த மண்ணாக இருந்தால் வடிகால் இல்லாமல் கொட்டிய ஜிப்சம் வீண். மண் பரிசோதனையில் உப்பின் நிலை 4-க்கு மேல், கார அமில நிலை 8.5-க்குள் என்று வந்தால் உவர். மாதிரியைக் கோடையில் எடுங்கள். மழைக்குப் பின் உப்பு கீழே இறங்கி அறிக்கை நல்லதாகக் காட்டிவிடும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலக்காதீர்கள்.

உவர் என்றால் வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையை ஒரு சாண் உயரத்துக்குத் தேக்கி, சில நாள் கழித்து வடியுங்கள், மறுபடி தேக்குங்கள். மடையைக் கடல் வற்றம் பார்த்துத் திறக்க வேண்டும். ஓதத்தில் திறந்தால் உப்புத் தண்ணீர் எதிர்த்து ஏறிவிடும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள். மேட்டில் உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல்லான குழியடிச்சானை நேரடியாக விதைக்கலாம். களர் என்று வந்தால் ஜிப்சத்தோடு களரைத் தாங்கும் திருச்சி 3 நெல் ரகத்தை நடுங்கள்.

மன்னார்குடியில் உடனே நிலம் வாங்காதீர்கள். மகன் ஒரு போகம் குத்தகைக்கு எடுத்துச் செய்யட்டும். கோடையில் அங்கே போர் எப்படி ஓடுகிறது என்று தெரியும். அதற்குள் இங்கே பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மாற்றுங்கள், கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்யுங்கள். பள்ளத்து 3 மா தரிசாகவே கிடந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிப் பதிவு) வாங்கி வையுங்கள். நாளை நிவாரணமோ இழப்பீடோ வந்தால் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.