வாசகர் கேள்விகள்: கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்?

பரீட்சை முடிந்துவிட்டது என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பெரும்பாலானவை கேமிங் கம்ப்யூட்டர் பற்றியவை. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், இன்ஜினியரிங் சேரப் போகிறான். கேம் ஆடவும் படிக்கவும் ஒரே கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். வாலரண்ட், ஜிடிஏ 5 இரண்டும்தான் அதிகம் ஆடுவானாம். மானிட்டரோடு சேர்த்து 1,20,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். கடையில் ஐ7-14700, எச்610 போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு, கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இலவசம் என்று கொட்டேஷன் கொடுத்தார்கள். ஐ7 போட்டால் பத்து வருஷம் கவலையில்லை என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தந்தை, கரூர்

பதில்: வேண்டாம் ஐயா. பிராசஸரும் கார்டும் தனித்தனியே நல்ல சரக்குதான். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

கேம் கம்ப்யூட்டர் வாங்க வருபவர்கள் எல்லோரும் பிராசஸரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது மானிட்டரைப் பற்றி. திரையில் ஓடும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், வேலை இரண்டாகப் பிரிகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, கார் எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் போட்டு, எதை வரைய வேண்டும் என்று உத்தரவு கொடுப்பது பிராசஸர். அந்த உத்தரவை வாங்கி ஒவ்வொரு பிக்ஸலாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்ஸல்கள், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் சுமைதான் ஏறுகிறது, பிராசஸரின் வேலை பெரிதாக மாறுவதில்லை. அதனால் முதலில் திரை, அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டைக் காத்திருக்க வைக்காத பிராசஸர் என்ற வரிசையில்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் கொட்டேஷனில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஐ7-14700-இல் 20 கோர்கள் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), 28 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகள்). முழு வேகத்தில் அது 219 வாட் வரை இழுக்கும். விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் அந்த அளவு மின்சாரத்தைத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட் கிடையாது. போர்டு சூடேறும், பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. மறுபுறம் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி என்பது 70 வாட்டில் ஓடும் சின்னக் கார்டு. வாலரண்ட் நன்றாகவே ஓடும். புதிய கேம் எதையாவது மகன் வாங்கினால் கார்டு திணறிக்கொண்டிருக்க, 20 கோர்களில் பாதிக்கு மேல் சும்மா இருக்கும்.

ஒரே ஸ்டிக் ரேம் என்பதும் தவறு. பிராசஸருக்கு ரேமோடு பேச இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ஸ்டிக் போட்டால் ஒன்று அடைந்துபோகும். அதே 16 ஜிபி-யை இரண்டு எட்டாகப் போட்டால் பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லுங்கள்.

நான் சொல்வது இது. பிராசஸர் ரைசன் 5 7600. ஆறு கோர், 12 த்ரெட், பெட்டியிலேயே கூலர் வரும். சின்னதாக ஒரு உள்ளமை கிராபிக்ஸும் உண்டு. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போன நாட்களில்கூட மகன் படிப்பு வேலையைச் செய்யலாம். படிப்புக்கு இந்த ஆறு கோர் தாராளம். போர்டு பி650. இது ஏஎம்5 சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். இதை 2027 வரையும் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நான்கு வருஷம் கழித்து வேகம் போதவில்லை என்றால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கொட்டேஷனில் இருக்கும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு அந்த வழி இல்லை. இன்டெல் 2024 அக்டோபரில் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கே வேறு சாக்கெட்.

ஐ7-இல் மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும். 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 5060 நன்றாகப் பொருந்தும். பின்னால் மெஷின் லேர்னிங் படிக்க நேர்ந்தால் கார்டையே கணக்கீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் கூடா (CUDA) வசதி உதவும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அதில் 8 ஜிபி-தான் நினைவகம் என்பது எனக்கே குறையாகத்தான் படுகிறது. மகனுக்குப் படிப்பைவிடக் கேம்தான் முக்கியம் என்றால், ரேடியான் 9060 எக்ஸ்டி 16 ஜிபி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். இதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வாங்கிக் குவிப்பதால் வந்த தட்டுப்பாடு இது. பட்ஜெட் இடித்தால் ஐ5-12400எஃப், டிடிஆர்4 (முந்தைய தலைமுறை ரேம்) போர்டு என்று இறங்கிக்கொள்ளலாம். கார்டைக் குறைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்-ஐக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

அந்த இலவச எஸ்எம்பிஎஸ் பற்றித்தான் நான் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் சப்ளையில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், பெருக்கினால் 540 வாட். கேபினெட்டோடு வருவதில் மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சடித்துவிட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அது வெறும் 192 வாட். கார்டும் பிராசஸரும் அந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. கேம் நடுவே கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து போவதற்கும், ஒருநாள் போர்டையும் சேர்த்துக் கொண்டு போவதற்கும் இதுதான் முதல் காரணம். என் சர்வீஸ் மேசைக்கு வரும் செத்த போர்டுகளில் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். நல்ல கம்பெனியின் 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச்சான்று உள்ளது ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்த கார்டு மாற்றும்போதும் அதுவே இருக்கும்.

கோடையில் வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி பெயர் வராத நாள் குறைவு. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் உங்கள் ஊருக்கு ஆகாது. முன்னால் வலைத்தட்டும், உள்ளே இழுக்க இரண்டு ஃபேனும், பின்னால் வெளியே தள்ள ஒன்றும் இருந்தால் போதும். விளக்கு அலங்காரம் அவன் பிறகு செய்துகொள்வான்.

வாலரண்ட் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும். அசெம்பிள் செய்பவரிடமே பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) சரிபார்க்கச் சொல்லுங்கள். ரேமுக்கான எக்ஸ்போ அமைப்பையும் அப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் 6000 வேக ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆடுகிறேன், கல்லூரி அணியில் இருக்கிறேன். 1080பி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கச் சொல்கிறார்கள். 7600-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அப்படி என்ன இருக்கிறது அதில்?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, உங்களுக்கு அது தகும். இந்தப் பகுதிக்கு எழுதும் பெரும்பாலோருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

7600-இல் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. சிப்பின் மேலேயே 64 எம்பி-யை இன்னொரு அடுக்காக ஒட்டியிருக்கிறார்கள். சமைக்கும்போது அஞ்சறைப் பெட்டி கையருகே இருப்பதற்கும், ஒவ்வொரு தாளிப்புக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் கேச்சுக்கும் ரேமுக்கும். கேம்கள் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் பெரிய கேச் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். 240 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஃபிரேமை 4.17 மில்லி செகண்டில் முடிக்க வேண்டும். போட்டியில் ஆடுபவர்கள் கிராபிக்ஸைக் குறைத்து வைத்துத்தான் ஆடுவீர்கள். கார்டின் சுமை இறங்கிவிடுகிறது, பிராசஸர்தான் மூச்சுவாங்குகிறது. புகை, குண்டுவெடிப்பு, ஐந்து பேரும் ஒரே இடத்தில் என்று வரும்போது ஃபிரேம் சட்டென்று விழுமே, அந்த இடத்தில்தான் எக்ஸ்3டி கை கொடுக்கும்.

ஆனால் கதை கேம்களை 1440பி-யில், எல்லா அமைப்பையும் ஏற்றிவைத்து ஆடுபவர் இதைப் படித்துவிட்டு எக்ஸ்3டி வாங்கக் கிளம்ப வேண்டாம். விமர்சகர்கள் பிராசஸரைச் சோதிக்கும்போது ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற பெரிய கார்டைப் போட்டு, வேண்டுமென்றே 1080பி-யில் ஓட்டுவார்கள். பிராசஸரின் வித்தியாசம் தனியே தெரிய வேண்டும் என்பதற்காக. நம் வீட்டுக் கார்டில் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதன் பெட்டியில் கூலர் வராது, அதற்கும் தனியே பணம் ஒதுக்குங்கள். ஒரு நல்ல டவர் கூலர் போதும், வாட்டர் கூலர் தேவையில்லை.

கேள்வி: அக்கா, என்னிடம் ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1060 இருக்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாக வாங்கிவிடட்டுமா?
— வாசகர், சேலம்

பதில்: விற்காதீர்கள் தம்பி. ரேம் விற்கும் விலைக்கு உங்களிடமிருக்கும் 16 ஜிபி-யை இழப்பது சரியல்ல.

முதலில் ஒரு சோதனை. நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கார்டில். ஏறாமல் அங்கேயே நின்றால் தடை பிராசஸரில். உங்கள் கணினியில் பெரும்பாலான புதிய கேம்களுக்குக் கார்டு என்றுதான் பதில் வரும். 1060 வந்தது 2016-இல். ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி கார்டில் இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும் கேம்கள் வந்துவிட்டன.

கார்டை மாற்றிய பிறகும் தடுமாறினால் அதே போர்டில் ரைசன் 5 5600 போடலாம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கழற்றிவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தால் பல பி450 போர்டுகள் புதிய பிராசஸரை அடையாளமே காணாது. கூலரை எடுக்கும் முன் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, பிறகு அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோடு நேராகப் பிடுங்கினால் பிராசஸரும் சாக்கெட்டைவிட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. பழைய 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. புதிய கேமிங் கம்ப்யூட்டருக்கு அது போதுமா? இன்னொன்று, கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: இரண்டாவதை முதலில் பாருங்கள் அம்மா. சுர்ரென்பது பெரும்பாலும் அந்த பிளக்பாயிண்டில் எர்த் சரியாக இல்லை என்பதற்கு அடையாளம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தப் பாயிண்டைப் பயன்படுத்த வேண்டாம், பிள்ளைகளையும் தொடவிட வேண்டாம்.

600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும். நடுத்தர கேமிங் கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டும் சேர்ந்து கேம் ஓடும்போது 300 வாட்டைத் தாண்டும். பேட்டரியும் பழையது என்றால் மின்சாரம் போன நொடியிலேயே அதுவும் விழுந்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். தொடர்ந்து ஆடுவதற்கு என்று அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கு.

கேள்வி: ஒருவர் பழைய ஐ7-13700கே-வை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைந்து போவதை அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற மென்பொருளில் திருத்தமும் கூடுதலாக இரண்டு வருஷ வாரண்டியும் கொடுத்தது. அந்தத் திருத்தம் மேற்கொண்டு சேதமாகாமல் தடுக்கும், ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. முன்பு எந்த பயாஸில் எத்தனை நாள் ஓடியது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், புதிய கார்டு எல்லாம் வாங்கியும் முன்புபோலவே இருக்கிறது அக்கா. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: இல்லை தம்பி. கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே போர்டில் செருகியிருந்தால் எடுத்து, கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் டிஸ்பிளேபோர்ட்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 ஆக்குங்கள். விண்டோஸ் அதை 60-லேயே விட்டுவைத்திருக்கும்.