பாதியில் நின்ற தொடரை ஒரு படத்தில் முடிக்கலாமா?

கேள்வி: கேப் டவுனில் எடுத்த 'ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்' என்ற அறிவியல் புனைகதைத் தொடரை, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக, 2022-இல் இரண்டாவது சீசனோடு நிறுத்திவிட்டார்கள். 'ஃபயர்ஃப்ளை' என்ற விண்கப்பல் தொடரையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். ஆனால் பிறகு 'செரினிட்டி' என்று ஒரு படம் எடுத்து எல்லாவற்றையும் முடித்துவைத்தார்கள். ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் இதற்கும் ஒரு படம் கிடைக்காதா? இரண்டு மணி நேரம் போதாதா?
— வாசகர் ஒருவர், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: 'எல்லாவற்றையும்' என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது. 'ஃபயர்ஃப்ளை' கப்பலில் வரும் பாதிரியார் புக் அங்கி போடுவதற்கு முன்னால் யாராக இருந்தார்? படம் சொல்லவில்லை, 2010-இல் வந்த காமிக்ஸ் புத்தகம்தான் சொன்னது. அதே கப்பலில் இருக்கும் இனாரா எதை மறைத்துக்கொண்டிருந்தாள்? அதற்கும் பதில் இல்லை. தொடரில் பயமுறுத்திய நீலக் கையுறை ஆசாமிகள் இருவரும் படத்தில் தலையே காட்டவில்லை. நீங்கள் நிறைவாக எழுந்து போனீர்கள் என்றால், அது தொடரையும் படத்தையும் உருவாக்கிய ஜாஸ் வீடனின் கைத்திறமை. விட்டதை நீங்கள் கவனிக்காதபடி விட்டிருக்கிறார்.

எப்படி என்று பாருங்கள். தொடரில் இரண்டு பெரிய முடிச்சுகள் இருந்தன. ரிவர் என்ற பெண்ணின் மூளையில் அரசாங்கம் என்ன செய்தது, ஏன் விடாமல் துரத்துகிறது என்பது ஒன்று. விண்வெளியின் ஓரத்தில் மனிதரைத் தின்று திரியும் ரீவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இன்னொன்று. தொடர் ஓடியவரை இரண்டும் தனித்தனி. படத்தில் இரண்டுக்கும் ஒரே விடை: மிராண்டா என்ற கிரகம். அங்கே மக்களைச் சாந்தப்படுத்தக் காற்றில் ஒரு மருந்தைக் கலந்தார்கள். 3 கோடிப் பேர் வேலையை விட்டு, பேச்சை விட்டு, சோற்றையும் விட்டுப் படுத்தபடியே செத்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் மருந்து தலைகீழாக வேலைசெய்தது, ரீவர்கள் அவர்கள்தான். இந்த ரகசியம் தெரிந்த பெரிய மனிதர்களை, மனத்தைப் படிக்கும் ரிவரின் அருகில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் அரசாங்கம் செய்த முட்டாள்தனம். ஒரு நூலை இழுத்தால் இரண்டு முடிச்சும் அவிழ்கிறது. இப்படி ஒரு நூல் அகப்படாவிட்டால் படம் எடுக்கக்கூடாது.

இரண்டு மணி நேரக் கணக்கையும் போட்டுவிடுவோம். 'செரினிட்டி' 119 நிமிடம். கப்பலில் இருப்பவர்கள் 9 பேர். சண்டை, துரத்தல், வில்லன் எதுவுமே இல்லாமல் சமமாகப் பங்குபோட்டாலும் தலைக்கு 13 நிமிடம். அதனால்தான் புக்கையும் இனாராவையும் படம் தொடங்கும்போதே கப்பலைவிட்டு இறக்கியிருந்தார்கள்.

இதைவிடக் கடினம் முதல் பத்து நிமிடம். தியேட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தொடரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு விளக்கினால் ரசிகன் கொட்டாவி விடுவான்; விளக்காவிட்டால் புதியவன் எழுந்து போவான். வீடன் வரலாற்றுப் பாடத்தைப் பள்ளிக்கூட வகுப்பாகத் தொடங்கி, அது ரிவரின் கனவு என்று காட்டி, அவள் தப்பிப்பதைக் காட்டி, அதுவும் வில்லன் போட்டுப் பார்க்கும் பதிவு என்று முடிக்கிறார். மூன்று கதவு திறப்பதற்குள் புதியவனுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. ரசிகனுக்கும் அவன் பார்த்திராத தப்பித்தல் காட்சி கிடைக்கிறது. அடுத்தது, கேமரா கேப்டனின் பின்னாலேயே கப்பல் முழுக்க நடக்கும் அந்த நீளக் காட்சி. ஒவ்வொருவரும் யார், யாரோடு யாருக்கு ஆகாது, கப்பல் எவ்வளவு ஓட்டை என்பதெல்லாம் வெட்டே இல்லாததுபோல வந்துவிடும். உண்மையில் மேல்தளமும் கீழ்த்தளமும் தனித்தனி செட். கேமரா சட்டென்று திரும்பும் இடத்தில் ஒட்டு மறைந்திருக்கிறது. இந்த செட்டையும் படத்துக்காகப் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது.

ரசிகர் குரல் விஷயத்துக்கு வருகிறேன். கூச்சல் போட்டதால் மட்டும் படம் வரவில்லை. 2002-இல் எடுத்த 14 பகுதிகளில் ஃபாக்ஸ் சேனல் 11-ஐத்தான் ஒளிபரப்பியது, அதுவும் வரிசை மாற்றி. 2003 டிசம்பரில் 14 பகுதிகளும் டிவிடியாக வந்தபோது ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த விற்பனைதான் யுனிவர்சல் நிறுவனத்திடம் பேச உதவியது. தொடர் ஃபாக்ஸின் சொத்து, படம் யுனிவர்சலுடையது. அதனால் தொடரின் பெயர் படத்துக்கு வரவில்லை, கப்பலின் பெயர் வந்தது.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். படம் முழுதாகத் தயாராகும் முன்பே, 2005 மே மாதம் அமெரிக்காவில் 10 நகரங்களில் ரசிகர்களுக்குப் போட்டார்கள். பிறகு ஒரே நாளில் 35 நகரங்கள்வரை போனது. அரங்கு நிறைந்தது. செப்டம்பர் 30-இல் முறையாக வெளியானபோது முதல் வார இறுதி வசூல் சுமார் 1 கோடி டாலர். செலவு 3 கோடியே 90 லட்சம். உலகம் முழுக்கச் சேர்த்து வசூல் சுமார் 4 கோடி. 'போட்டது வந்துவிட்டதே' என்பீர்கள். டிக்கெட் பணத்தில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரருடையது. விளம்பரச் செலவு தனி. ஊர் கூடித் தேர் இழுத்தது உண்மை, ஆனால் இழுத்தவர்கள் அதே ஆட்கள். புதிதாகக் கை வைத்தவர்கள் குறைவு. அடுத்த படம் வரவில்லை. 2006-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வந்தது, 2007-இல் ஒரு விண்வெளி வீரர் டிவிடியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப்போனார். கௌரவத்துக்குக் குறைவில்லை, கல்லாதான் நிறையவில்லை.

தாமதம் இன்னொரு எதிரி. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடர் 2007-இல் முடிந்ததும் 2008-இல் நேராக டிவிடியில் ஒரு படம் போட்டு மிச்சக் கதையை முடித்தார்கள். அது சுலபமாக நடந்ததற்குக் காரணம், தங்கைத் தொடரான 'அட்லாண்டிஸ்' படப்பிடிப்பு அப்போதும் நடந்துகொண்டிருந்தது; செட்டும் ஆட்களும் உடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 2009-இல் அட்லாண்டிஸும் நின்றது. அதற்கும் படம் என்று அறிவித்தார்கள், இன்றுவரை வரவில்லை. ஆறு மாதம் தள்ளினால் நடிகர்கள் வேறு ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் பழைய சம்பளத்துக்கு வரமாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே தேதியும் கிடைக்காது.

இப்போது உங்கள் 'ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்'. கடைசிக் காட்சியில் குழந்தைகளை வளர்க்கும் இயந்திரப் பெண்ணான அம்மா சிறைப்பட்டிருக்கிறாள், இன்னொரு பழைய இயந்திரமான பாட்டி குழந்தைகளை வேறு உயிராக மாற்றப் பார்க்கிறாள், பக்தர்களின் தலைவன் மார்கஸ் அந்தரத்தில் தலைகீழாகத் தொங்குகிறான். மறுநாள் காலையிலிருந்து கதையைத் தொடரவே முடியாது, ஏனென்றால் அந்தக் குழந்தைகள் நிஜத்தில் வளர்ந்துவிட்டார்கள். கதையில் சில ஆண்டுகளைத் தாண்டியாக வேண்டும். அதன்பிறகு ஒரே முடிச்சு: பக்தர்கள் 'ஸோல்' என்ற கடவுளுடையது என்று நம்பிக் கேட்கும் அந்தக் குரல் யாருடையது? அம்மாவின் விடுதலையையும் குழந்தைகளின் கதியையும் அந்த விடைக்குள்ளேயே வைக்க முடிந்தால் எழுதலாம். கிரகத்தின் பழைய மனிதர்கள், பாம்பு, புதைந்த கோயில்கள் எல்லாம் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால், கிடைப்பது படமாக இருக்காது, படம் போட்ட அட்டவணையாகத்தான் இருக்கும்.

தியேட்டரும் வேண்டாம் என்பேன். 'சென்ஸ்8' தொடரை நிறுத்திய பிறகு 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் 151 நிமிடத்தில் ஒரு கடைசிப் பகுதி கொடுத்தது. 'ஃபார்ஸ்கேப்' 88 பகுதிகளோடு நின்றபின் 2004-இல் இரண்டு பாகக் குறுந்தொடராக முடிந்தது. ஒரு சீசன் கதையை அடைத்ததில் மூச்சு வாங்குகிறது, ஆனாலும் முடிந்தது. இரண்டு இடத்திலும் பார்ப்பவருக்குக் கதை தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் முதல் பத்து நிமிடத் தலைவலி இல்லை.

நீங்கள் 'ஃபயர்ஃப்ளை' தொடரை மறுபடி பார்ப்பதானால் ஃபாக்ஸ் காட்டிய வரிசையில் பார்க்காதீர்கள். கடைசியாகக் காட்டிய இரண்டு மணி நேரப் பகுதிதான் உண்மையில் முதல் பகுதி; அதன் பெயரும் 'செரினிட்டி'தான். அதைப் பார்த்துவிட்டு ரயில் கொள்ளை வரும் பகுதிக்குப் போங்கள். முடிந்தால் பிரெஞ்சு மொழிமாற்றத்தைத் தவிருங்கள்: கப்பல்காரர்களுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் போய்ச் சீனம் வரும். பேச்சு எதுவானாலும் திட்டு கிரியோலில் வரும் நம் வீடுகளுக்கு இந்த ருசி புரியும். தேடும்போது 2005 என்று ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். மீன்பிடிப் படகும் நீலக் கடலும் வந்தால் அது அதே பெயரில் 2019-இல் வெளியான வேறு படம்; நம் தீவில்தான் எடுத்தார்கள்.