ஜப்பானிய வாள்: காவல்துறையுடையதா, ராணுவத்துடையதா?

கேள்வி: பினாங்கில் உள்ள எங்கள் பழைய வீட்டில் ஒரு ஜப்பானிய வாள் கிடைத்தது. விரல்களைச் சுற்றி வளைந்த கைக்காப்பு, உலோக உறை, பிடியின் முதுகுப் பக்கம் கதிர் விரிந்த சூரியச் சின்னம். இது எந்தப் படையுடையது? துருவைத் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: பிடிக்குள் மறைந்திருக்கும் துருவைத் தொடவே தொடாதீர்கள். வாளின் வயதை மதிப்பிட அதன் நிறம்தான் முதல் சாட்சி. தேய்த்தால் அது திரும்பி வராது.

உங்களுடையது காவல்துறை வாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடைசெய்தபோது, ராணுவத்தினருக்கும் காவலர்களுக்கும் விலக்கு அளித்தது. இரு தரப்பும் ஐரோப்பியப் பாணி வாள்களையே அணிந்ததால் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். பிரித்துக் காட்டுவது பிடியின் முதுகுத் தகடு: காவல்துறைக்குச் சூரியச் சின்னம், தரைப்படைக்குச் செர்ரிப்பூ. காவலர் வாள் பெரும்பாலும் மெலிந்தது, இலேசானது. அலகும் பல வேளைகளில் முலாம் பூசிய, கூர் தீட்டாத அலங்கார அலகுதான்.

1934 முதல் தரைப்படை அதிகாரிகள் கயிறு சுற்றிய பிடியும் தட்டையான கைக்காப்பும் கொண்ட பழைய பாணிக்குத் திரும்பினார்கள். 1935-இல் கீழ்நிலை அலுவலர்களுக்கு வந்த வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பிடி வார்ப்பு உலோகம். கயிறு சுற்றியதுபோல் வண்ணம் தீட்டியிருப்பார்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள், நூலாக இருந்தால் சற்றே அமுங்கும். அலகில் பொறித்த எண்ணும் உறையிலுள்ள எண்ணும் பொருந்த வேண்டும்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: பிடியும் உறையும் யார் அணிந்தார் என்பதை மட்டுமே சொல்லும், அலகின் கதை வேறு. குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகை ராணுவப் பிடியில் பொருத்திக்கொண்ட அதிகாரிகள் உண்டு. பிடியின் குறுக்கே மூங்கில் ஆணி தெரிகிறதா என்று பாருங்கள். அதன் ஒரு முனை சிறுத்திருக்கும். அந்தப் பக்கமிருந்து மரக்குச்சி வைத்து மெல்லத் தட்டினால் கழன்றுவிடும். ஆணியே இல்லையென்றால் பிடியைக் கழற்ற முயல வேண்டாம்.

கழன்றால், உள்ளே இருக்கும் பகுதியில் கொல்லரின் கையெழுத்தோ முத்திரையோ இருக்கலாம். நட்சத்திர முத்திரை, தரைப்படை அங்கீகரித்த கொல்லர் மரபு முறையில் அடித்த அலகைக் குறிக்கும், நங்கூரம் கடற்படையுடையது. இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை அலகை விரலால் தொடாமல், மென்மையான துணியால் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசி வைத்தால் போதும்.