சொனௌலியில் மைனியை விட்டுவிட்டு நடக்காதீர்கள்

கேள்வி: நானும் கணவரும் கோரக்பூர் வழியாக நேபாளத்தில் லும்பினி, போக்ரா போகிறோம். எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. கூட வரும் மைனி பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது) இருக்கிறது. எல்லையில் முத்திரை குத்த வேண்டுமா?
– வாசகி, கருங்கல்

பதில்: உங்கள் இருவருக்கும் முத்திரையும் கிடையாது, விசாவும் கிடையாது. 1950 நட்புறவு ஒப்பந்தம் தந்த உரிமை அது. கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டுகிற மாதிரிதான் நேபாள எல்லையில் சொனௌலியையும் தாண்டுவீர்கள். அசல் வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும், ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். காத்மாண்டிலிருந்து விமானத்தில் திரும்பினாலும் அந்த அட்டை போதும்.

எனக்குக் கவலை உங்கள் மைனியைப் பற்றித்தான். 2017-ல் கனடா பாஸ்போர்ட் வைத்திருந்த என் அத்தானை அழைத்துக்கொண்டு இதே வழியில் போனோம். கூட்டம் போன வேகத்தில் நாங்களும் எல்லை வளைவைத் தாண்டிவிட்டோம். அதற்கு முன்னால், கடைகளுக்கு நடுவே இருந்த இந்தியக் குடியேற்ற அலுவலகம் கண்ணிலேயே படவில்லை. நேபாளப் பக்கம் பெலஹியாவில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இந்தியாவை விட்டுக் கிளம்பிய முத்திரை எங்கே?" என்றார். வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். அக்கா வழியெல்லாம் பேசவே இல்லை.

ஆகவே மைனிக்கு முதலில் இந்தியப் பக்கம் வெளியேறும் முத்திரை. அப்புறம் பெலஹியாவில் நேபாள விசா. அங்கேயே தருவார்கள்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். டாலரை ரொக்கமாகவும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

திரும்பும்போதும் இதே இரண்டு இடம்: நேபாளத்தில் வெளியேறும் முத்திரை, சொனௌலியில் உள்ளே வரும் முத்திரை. ஓசிஐ அட்டையை அப்போது காட்ட வேண்டும், அதனால் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். ஊர் திரும்பும் அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தக் கடைசி முத்திரையைத்தான். விட்டால், லண்டன் விமானம் ஏறப் போகும்போது மைனி தனியாக நின்று பதில் சொல்ல வேண்டிவரும். அவர் வரிசையில் நிற்கும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள்.

செலவுக்கு 100 ரூபாய் நோட்டாக எடுத்துப் போங்கள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். பெலஹியாவில் பஸ் நேரம் கேட்டால், எந்த நாட்டு நேரம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.