மச்சான் பேரில் எக்ஸ்மேக்ஸ், உங்கள் பேரில் அக்ஸியா

கேள்வி: எனக்கு 31 வயது. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. பிடித்தம் போகக் கையில் மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. கப்சாயில் (சின்ன மோட்டாரில்) தினமும் போக வர 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறேன். பினாங்குப் பாலத்தில் காற்றடித்தால் வண்டி ஒதுங்குகிறது, இடுப்பும் வலிக்கிறது, பின் டயர் வேறு வழவழவென்று ஆகிவிட்டது. அத்தை மகன் தன்னுடைய யமஹா எக்ஸ்மேக்ஸ் 250 ஸ்கூட்டரைத் தருவதாகச் சொல்கிறான். 38,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. 21,000 வெள்ளி கடன், 7 சதவீதம், 60 மாதம். 20 மாதம் கட்டிவிட்டான். கையில் 3,000 கொடுத்துவிட்டு மீதித் தவணை மாதம் 472-ஐ நான் கட்டினால் போதுமாம், கடன் முடிந்ததும் பேர் மாற்றிக்கொள்ளலாமாம். அதே வருட வண்டி கடையில் 16,000, 2019 மாடல் 10,500. என் சேமிப்பு 5,000. அக்கா வீட்டுக்காரருக்காக என் பேரில் ஒரு அக்ஸியா கார் கடன் ஓடுகிறது, மாதம் 430. மாமாதான் கட்டுகிறார், சில மாதம் தாமதமாகும். போன மாதம் வங்கியில் மோட்டார் கடன் கேட்டேன், தரவில்லை. மச்சான் வண்டியை எடுக்கலாமா? பராமரிப்பு கட்டுபடியாகுமா? பெல்ட், டயரெல்லாம் பே லேட்டரில் (இப்போது வாங்கி அப்புறம் கட்டுகிற ஆப்பில்) பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 'சொந்தத்துக்குள்ள பேர் எதுக்கு' என்று அத்தை கேட்கிறார்.

பதில்:

தம்பி, அந்தப் பாலத்தில் தினமும் இரண்டு முறை கப்சாயில் கடக்கிறவர் கொஞ்சம் கனமான வண்டிக்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கூட்டர் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த அக்ஸியா.

வங்கி உங்களுக்கு ஏன் கடன் தரவில்லை? 3,000 வெள்ளி சம்பளக்காரருக்கு ஒரு மோட்டார் கடன் பெரிய விஷயமில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்கிற கடன் பதிவு அறிக்கையை அவர்கள் திறந்து பார்த்திருப்பார்கள். கடந்த 12 மாதமும் ஒவ்வொரு தவணை எப்படிக் கட்டப்பட்டது என்பது அதில் கட்டம் கட்டமாக இருக்கும். மாமா தாமதமாகக் கட்டிய மாதங்கள் அங்கே உங்கள் பேரில் நிற்கின்றன. மாமாவுக்குப் பேர் கொடுத்தீர்கள், அதனால் உங்கள் பேருக்குக் கடன் கிடைக்கவில்லை. அதனால் இப்போது மச்சான் பேரில் ஓடுகிற கடனுக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். இந்தப் பேர் கொடுக்கல் வாங்கல்தான் உங்களைக் கெடுக்கிறது.

மச்சான் சொல்கிற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீதி 40 தவணை, தவணைக்கு 472. அதுவே 18,900 பக்கம். கையில் கொடுப்பது 3,000. மொத்தம் ஏறக்குறைய 21,900 வெள்ளி. கடையில் 16,000-க்குக் கிடைப்பதாக நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட 6,000 அதிகம். புது வண்டிக்காக மச்சான் வாங்கிய கடனைவிடவே இது கூடுதல்.

இத்தனைக்கும் மச்சான் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தன் கடன் சரியாகப் புரிந்திருக்காது. 7 சதவீதம் ஃப்ளாட், அதாவது கடன் குறையக் குறைய வட்டி குறையாமல் கடைசிவரை முழுத் தொகைக்கும் போடுவது என்றால், உண்மையில் 12 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 5 வருட வட்டி 7,350. 20 மாதம் கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வட்டிக்கே போயிருக்கும். இன்று முழுக் கடனையும் அடைத்தால் வழக்கமான வட்டித் தள்ளுபடி சுமார் 3,300 கிடைக்கும். அப்போதும் 15,600 கட்ட வேண்டும். வண்டியின் விலையே 16,000. ஆக, இந்த வண்டியில் அவருக்குச் சொந்தமாக இருப்பது 400 வெள்ளி. அதற்குத்தான் உங்களிடம் 3,000 கேட்கிறார்.

இனி சம்போங் பாயார் விவகாரம், அதாவது ஒருவர் பேரில் ஓடுகிற கடனை இன்னொருவர் தொடர்ந்து கட்டுவது. நம் ஆட்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஆனால் 1967-ஆம் ஆண்டு ஹையர் பர்ச்சேஸ் சட்டப்படி கடன் முடிகிறவரை வண்டி கடன் கொடுத்தவருக்குச் சொந்தம். அவர்கள் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்ற மச்சானுக்கு உரிமையே கிடையாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புவார்கள், அப்புறம் வண்டியை எடுக்கலாம். நீங்கள் மாதாமாதம் 472-ஐ மச்சான் கணக்கில் போடுவீர்கள், அவருக்கு வேறொரு அவசரம் வந்திருக்கும், அந்தக் கடிதமும் அவர் வீட்டு முகவரிக்குத்தான் போகும். நீங்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நிறுத்தின இடத்தில் வண்டி இருக்காது. விலையில் முக்கால்வாசிக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது என்று ஒரு பாதுகாப்பு உண்டு. இந்த வண்டிக்குத் தவணையில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டியிருக்கிறது.

இன்சூரன்சும் அவர் பேரில். வண்டி திருடுபோனால் இழப்பீடு கடன் கொடுத்தவருக்கும் மச்சானுக்கும் போகும். நீங்கள் கட்டிய பணத்துக்கு ரசீதுகூட இருக்காது.

1990-களில் என் அப்பா ஒரு பங்காளிக்காக வேன் ஒன்றுக்குப் பேர் கொடுத்தார். ஆறு மாதம் ஒழுங்காகப் போனது. அப்புறம் வேனை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். விற்ற விலை போக மீதிக் கடன் அப்பா தலையில். நான்கு வருடம், மாதாமாதம் சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிளை மிதித்துப் போய் அதைக் கட்டிவிட்டு வருவார். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பங்காளி தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார், அப்பாவுக்கு அதுதான் பணத்தைவிடப் பெரிய வருத்தம். அத்தை 'சொந்தத்துக்குள்ள பேர் எதுக்கு' என்று கேட்டாரே, சொந்தம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நானும் சொல்கிறேன்.

சரி, பராமரிப்பு. நீங்கள் மாதம் 24 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிறவர் சொல்லும் செலவுக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. எக்ஸ்மேக்ஸில் செயின் கிடையாது, வி-பெல்ட்தான் சக்கரத்துக்கு வேகத்தைக் கொண்டுபோகிறது. ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு எட்டே மாதம். பெல்ட்டும் ரோலர் செட்டும் கூலியோடு ஒரு 500 வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடத்துக்கு மூன்று முறை வரும். எஞ்சின் ஆயில் வருடத்தில் ஏழெட்டு முறை, அதற்கு 700. பின் டயர் இரண்டு, முன் டயர் ஒன்று, அதற்கு 850. பிரேக் பேட், கியர் ஆயில், கூலண்ட், பிளக், ஏர் ஃபில்டர், எப்போதாவது பேட்டரி என்று 500. எல்லாம் சேர்ந்து வருடம் 2,800. ஒர்க்‌ஷாப்புக்கு ஒர்க்‌ஷாப் மாறும், ஆனால் பாதியாகக் குறையாது. ரோட் டேக்ஸ் வெறும் 50 வெள்ளி, இன்சூரன்ஸோடு சேர்த்து ஒரு 600. பெட்ரோல் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தால் வருடம் 1,000 லிட்டர், இரண்டு வெள்ளி வீதம் 2,000. மோட்டாருக்கு டோல் இல்லை, பாலத்திலும் 2019 முதல் இல்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

மாதக் கணக்கில் பராமரிப்பு 230, பெட்ரோல் 170, இன்சூரன்ஸ் 50, தவணை 472. ஆக 920. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாமா ஒரு மாதம் கட்டாவிட்டால் அந்த 430-உம் உங்கள் மேல் ஏறும்.

மச்சான் வண்டி 38,000 ஓடியிருக்கிறது. பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்டீர்களா? இல்லையென்றால் முதல் பெல்ட்டே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இடதுபக்க மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், உள்ளே கருப்புத் தூள் அப்பியிருக்கும், பெல்ட்டின் பல் இடுக்கில் மயிரிழை வெடிப்பு தெரியும். அது அறுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பாலத்தின் நடுவில், காலை ஆறரை மணிக்கு, பின்னால் லாரி வரும்போது அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த பெல்ட்டைத்தான் பே லேட்டரில் வாங்கலாம் என்கிறீர்கள். தம்பி, இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூன்று தவணை, வட்டி இல்லை என்று போனில் காட்டுகிறார்கள், ஒரு நாள் தவறினால் அபராதம். எட்டு மாதத்தில் தேய்ந்து போகப்போகிற பொருளுக்குக் கடன் வாங்கினால் ஒரு கடன் முடிவதற்குள் அடுத்த டயருக்குக் கடன் தொடங்கிவிடும். அதே ஆப்பில் கண்ணாடி, டாப் பாக்ஸ், எக்ஸாஸ்ட் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். முதலில் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். சம்பளச் சீட்டு வேண்டாம், சிசிரிஸ் பார்க்க மாட்டோம் என்கிற கடைக் கடனும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது அக்ஸியாவை ஒழுங்குபடுத்துவது. இசிசிரிஸ் இணையதளத்தில் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் முதல் 430 உங்கள் கணக்கிலிருந்தே கெடு தேதிக்கு முன்னால் தானாகக் கழியட்டும். மாமா பணத்தை அதற்கு ஐந்து நாள் முன்னால் உங்களிடம் கொடுக்க வேண்டும். அக்காவை உட்காரவைத்து, அறிக்கையைக் காட்டிப் பேசுங்கள். நீங்கள் கோபப்பட்டுப் பேசுவதைவிட அந்தக் கட்டங்கள் தெளிவாகப் பேசும். இரண்டு மாதம் தொடர்ந்து பணம் வரவில்லை என்றால் கார் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அல்லது கடனை அடைத்து விற்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமாவுக்கு வேறு கடன்களும் இருந்தால் ஏகேபிகேவுக்கு அனுப்பிவையுங்கள், பேங்க் நெகாரா அமைத்த நிறுவனம், ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

12 மாதம் ஒழுங்காகக் கழிந்தால் அறிக்கையில் தாமதக் கட்டம் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த 12 மாதமும் கப்சாயிலேயே போங்கள். பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 220-க்குள் முடியும். எக்ஸ்மேக்ஸுக்கு 920 ஒதுக்கத் தயாராக இருந்தீர்கள், மீதி 700. அதில் 600-ஐ சம்பளம் ஏறிய அன்றே வேறு கணக்கில் போடுங்கள், வருடத்துக்கு 7,200. மச்சானுக்குக் கொடுக்க வைத்திருந்த 3,000-ஐச் சேர்த்தால் 10,200. சேமிப்பில் மீதி 2,000 அவசரத்துக்கு, அதைத் தொடாதீர்கள். அடுத்த வருடம் 2019 மாடல் 10,500-க்கும் கீழே வந்திருக்கும். வாங்கிய வாரமே பெல்ட், டயர், ஆயில், பிரேக் பேட் மாற்ற 1,500 தேவைப்படும் என்று கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும். கையில் ஒன்றிரண்டாயிரம் குறைந்தால் உங்கள் சொந்தப் பேரில் சின்னக் கடன் அப்போது கிடைக்கும். ரொம்பக் காற்றடிக்கிற, மழை கொட்டுகிற நாட்களுக்கு சுங்கை பட்டாணியிலிருந்து கம்பெனி பஸ் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள், இடுப்புக்கும் நல்லது.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிய பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்பும்போது நடுங்கினால் கிளட்ச் பக்கம் வேலை இருக்கிறது. ஸ்மார்ட் கீ இரண்டும் கைக்கு வர வேண்டும். உங்களிடம் பி2 உரிமம் என்றால் 250 சிசியோடு நில்லுங்கள். கடைக்காரர் 300, 350 சிசி மாடலைக் காட்டி 'இன்னும் கொஞ்சம் போட்டால் போதும்' என்பார். அந்த உரிமத்தோடு அதை ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

அத்தையிடம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: 'அத்தை, மச்சானை வங்கியிலிருந்து செட்டில்மென்ட் கடிதம் வாங்கிவரச் சொல்லுங்க, நாம சேர்ந்தே வித்துடலாம், நான் கூட வர்றேன்.' மச்சானுக்குத் தவணை கஷ்டமாக இருப்பதால்தான் தள்ளிவிடப் பார்க்கிறார். 16,000-க்கு விற்றால் அவர் கடன் தீர்ந்துவிடும், அவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். கடிதத்தில் இருக்கிற தொகை என் கணக்கிலிருந்து நூறு இருநூறு மாறலாம், வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. கப்சாயின் பின் டயர் வழவழவென்று ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதச் சம்பளமோ சேமிப்போ, எதிலிருந்தாவது எடுத்து நாளைக்கே மாற்றிவிடுங்கள். மழையில் அந்த டயரோடு பாலம் ஏறாதீர்கள்.